வாரிசு பேரு எதுக்குங்க?

நெஞ்சு வலிச்சா சோடா குடிச்சிட்டு "காலையில பாத்துக்கலாம்"னு படுத்த ஊர் இது. இப்போது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கையில் 14 மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோகிரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டம். அப்புறம் 108. அருமை. ஆனால் எரிச்சல் கிளப்பியது வேறு, ஓர் ஆராய்ச்சிச் சம்மதப் படிவம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு 1 மணி. மாரடைப்போடு வந்த, அறுபதைத் தாண்டிய அம்மா. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து பற்றிய ஆய்வில் சேர்க்கலாமா என்று 13 பக்கத்தை மருமகள் கையில் திணித்தார்கள். மூன்றாம் பக்கத்தில் "உங்களுக்குச் சீரற்ற முறையில் சிகிச்சை ஒதுக்கப்படும்" என்று அச்சாகியிருந்தது. சீரற்ற சிகிச்சைக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? சீட்டுக் குலுக்குவது மாதிரி, யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டர்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

கடைசிப் பக்கம் இன்னும் மோசம். தொழில், ஆண்டு வருமானம், வாரிசுதாரர் பெயர், உறவுமுறை. 2019 மருந்து ஆய்வு விதிகள் கேட்பதுதான் இது. ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்று தெரிய வேண்டுமே. நல்ல விதி, ஆனால் அதை யாரும் விளக்கவில்லை. "வாரிசு பேரு எதுக்குங்க? அத்தை பொழைக்க மாட்டாங்களா?" என்று அந்தப் பெண் மிரண்டாள். "அவரு திருப்பூர்லேருந்து வரட்டும்."

அவள் கணவர் வருவதற்குள் ஆய்வின் நேரக்கெடு தாண்டிவிட்டது. சிகிச்சை மட்டும் நிற்கவில்லை. கட்டியைக் கரைக்கும் வழக்கமான மருந்தான ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், ஒரு மணி நேரச் சொட்டாக உடனே ஏறியது. அம்மாவுக்கு நஷ்டமில்லை, ஆய்வுக்குத்தான் நஷ்டம்.

எவ்வளவு நஷ்டம் என்பதற்கு 2013-இல் வெளியான ஸ்ட்ரீம் என்ற மாரடைப்பு ஆய்வைப் பார்க்கலாம். அதில் கொடுத்த டெனெக்டிபிளேஸும் கட்டியைக் கரைப்பதுதான்; எடைக் கணக்கில் போடும் ஊசி, 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி. ஆய்வின் நடுவே வயதானவர்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு கூடுதலாகத் தெரிய, 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அளவைப் பாதியாக்கினார்கள். முதியவர்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அந்தத் திருத்தமே வந்திருக்காது. 2008-இல் வந்த கிரியேட் பதிவேடு இந்தியாவில் மாரடைப்பு போன்ற திடீர் இதயப் பாதிப்போடு வந்த 20,468 பேரைக் கணக்கெடுத்தது. ஏழைகளில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 8.2%, வசதியானவர்களில் 5.5%. இது குலுக்கல் இல்லாமல், வந்தவர்களைக் கணக்கெடுத்த பதிவேடு. ஏழைகளும் அதில் இருந்ததால்தான் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டது.

லிவர்பூலில் 2012-13-இல் நடந்த ஹீட்-பிபிசிஐ ஆய்வில் அவசர ஆஞ்சியோவுக்கு வந்த 1,917 பேரில் 1,829 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு மருந்தும் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தவை. அதனால் முதலில் சிகிச்சை, பிழைத்துத் தெளிந்த பிறகு சம்மதம். அங்கேயும் இதற்குச் சண்டை நடந்தது. அந்த வசதியை இங்கே யாரும் கேட்கவில்லை. டாக்டர் கைகாட்டிய இடத்தில் கேள்வி கேட்காமல் ரேகை வைத்த பழைய காலமும் திரும்ப வேண்டாம். ஒரே பக்கத்தில் பேச்சுத்தமிழில் சுருக்கம், வாரிசுப் பகுதிக்கு இரண்டு வரி விளக்கம், இது போதும்.

இதில் கொடுமை என்னவென்றால், மகனுக்காகக் காத்திருக்கவே தேவையில்லை. நோயாளி நினைவோடு இருந்தால் சம்மதம் அவருடையதுதான். உறவினர் கையெழுத்து, அவரால் முடியாதபோது மட்டும். படிக்கத் தெரியாவிட்டால் ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் முன்னால் வாசித்துக் காட்டி ரேகை வாங்கலாம். அந்த அம்மா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார், தண்ணீர் கேட்டார், பேரன் தூங்கிட்டானா என்றார். ஆய்வைப் பற்றி அவரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆய்வின் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதியது: "நோயாளி சம்மதிக்கவில்லை."