நயாக்ஸ் வெரோ: மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளக்கும் கருவி

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை நுரையீரல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோர், வெளிவிடும் மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு வாயுவை அளக்கும் ‘ஃபீனோ’ என்ற சோதனையின் பெயரை இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறார்கள். என் மகளுக்கு அச்சோதனை நயாக்ஸ் வெரோ என்ற சிறு கருவியில்தான் செய்யப்படுகிறது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூச்சுக்குழாயில் உள்ள ஒவ்வாமை சார்ந்த அழற்சியைக் காட்டுவதில் இது நம்பத்தக்க கருவி, ஆனால் இது தரும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமா உண்டு அல்லது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மனிதர்கள் வெளிவிடும் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு இருப்பதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 1991இல் வெளியிட்டார்கள். ஆஸ்துமா நோயாளிகளிடம் அது கூடுதலாக இருப்பது 1993இல் தெரியவந்தது. ஒவ்வாமையின்போது சுரக்கும் இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்படலத்தைத் தூண்டி இந்த வாயுவை மிகுதியாக உண்டாக்கச் செய்கின்றன. இன்ஹேலர் வழியாக எடுக்கும் ஸ்டீராய்டு அந்த அழற்சியைத் தணிக்கும்போது அளவும் இறங்குகிறது. இந்தச் சோதனையின் மதிப்பு முழுவதும் இந்தத் தொடர்பில்தான் இருக்கிறது.

சோதனையில் வலி இல்லை, ஊசி இல்லை. நுரையீரலை முதலில் காலியாக்கிவிட்டு, கைப்பிடியில் பொருத்திய வடிகட்டியில் வாயை வைத்து ஆழமாக இழுத்து, பிறகு ஒரே சீராகப் பத்து விநாடிகள் ஊத வேண்டும். வேகம் நொடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற அளவில் நிற்க வேண்டும் என்பதால், திரையில் ஒரு மேகம் நகர்கிறது. பலமாக ஊதினால் மேலே ஏறும், தளர்ந்தால் கீழே இறங்கும். நுரையீரலின் திறனை ஊதி அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் “ஊது, ஊது, இன்னும் ஊது” என்று கேட்டுப் பழகிய குழந்தை இங்கேயும் முழு வேகத்தில் ஊதிவிடுவது இயல்பு. மேகத்தைக் கண்ணால் பார்த்ததும் என் மகள் தானாகவே மூச்சை அடக்கி ஊதக் கற்றுக்கொண்டாள். இந்த வடிவமைப்பை மனதாரப் பாராட்டுகிறேன். ஆறு விநாடி ஊதும் முறையும் சிறுவர்களுக்கென்று இருக்கிறது.

எண்ணைப் படிப்பதில்தான் கவனம் வேண்டும். அமெரிக்க மார்பு நோய் மருத்துவச் சங்கத்தின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு 25 பிபிபிக்குக் கீழ் என்றால் குறைவு, 50க்கு மேல் என்றால் மிகுதி. சிறுவர்களுக்கு இந்த எல்லைகள் 20, 35. பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு என்பதை நினைத்தால், கைக்கு அடக்கமான ஒரு கருவி அதை அளப்பதே வியப்புதான். ஆயினும் ஆஸ்துமாவே இல்லாமல் ஒவ்வாமைச் சளி மட்டும் இருந்தாலும் எண் உயரலாம்; ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் சேராத வகை ஆஸ்துமாவில் வீசிங் இருந்தும் எண் தாழ்ந்தே நிற்கலாம்; புகைபிடிப்பவர்களுக்கு அளவு குறைத்துக் காட்டும். நைட்ரேட் மிகுந்த பீட்ரூட், கீரை போன்றவற்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் கூடிவிடும். ஸ்பைரோமெட்ரி ஊதிய கையோடு எடுத்தால் குறையலாம் என்பதால் ஃபீனோவைத்தான் முதலில் செய்ய வேண்டும். நாங்கள் போன ஒரு சோதனைக்கூடத்தில் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று கூடக் கேட்காமல், வரிசையையும் மாற்றிச் செய்து, எண்ணை மட்டும் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்படிச் செய்தால் பயனில்லை.

எனக்குப் பெரிதும் உதவியது தொடர் கண்காணிப்பு. மருந்து ஒழுங்காகப் போன காலத்தில் எண் இறங்கியது. பள்ளி விடுமுறையில் இன்ஹேலர் விட்டுப்போனதும் ஏறியது, அதுவும் இருமல் தொடங்கும் முன்பே. அதைக் காட்டி மருத்துவர் பேசியபோது, நான் எத்தனை முறை சொல்லியும் கேட்காதவள் இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கத் தொடங்கினாள்.

குறை என்று சொன்னால் செலவுதான். சென்சாருக்கு இத்தனை சோதனைகள் என்று வரம்பு உண்டு, வடிகட்டியை ஒவ்வொருவருக்கும் மாற்ற வேண்டும். அந்தச் செலவு நோயாளியின் கட்டணத்தில் வந்து விழுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. சிகிச்சை தொடங்கும் முன் ஒருமுறை, மருந்தின் அளவை மாற்றும்போது ஒருமுறை என்று மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்வதும், முந்தைய எண்களைத் தேதியுடன் ஒரே தாளில் குறித்துக் கையோடு கொண்டுபோவதும் போதுமானது.