முதல் மினி ரேஸ் பைக்: 50 சிசியா, 110 சிசியா, நேராக ஓவாலேயா?

25 கிலோ எடையுள்ள பிள்ளை 76 கிலோ வண்டியில் ஏறுகிறது என்றால், 70 கிலோ எடையுள்ள பெரியவர் 210 கிலோ வண்டியில் ஏறுவதற்குச் சமம். அந்தப் பெரியவர் முன்பின் பைக்கே ஓட்டாதவர் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வண்டி வாங்கும்போது பெற்றோர் கேட்பது எத்தனை சிசி, எவ்வளவு வேகம் என்பதைத்தான். முதலில் கேட்க வேண்டியது பிள்ளையின் எடை, கால் நீளம், விரல் நீளம். அதற்கு அடுத்தது, வண்டி விழுந்தால் மறுபடி ஓட வைக்க எத்தனை நாள் ஆகும் என்பது. விழாமல் யாரும் கற்பதில்லை.

இங்கே பேசுவது கோ-கார்ட் டிராக்கில் ஓடும் சிறிய சாலைப் பந்தய வண்டிகளைப் பற்றி: பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலச் சக்கரம், வழவழப்பான டயர், சிறிய எஞ்சின். அமெரிக்காவில் மோட்டோ அமெரிக்கா அமைப்பின் மினி கப், உலக அளவில் 2021-இல் தொடங்கிய எஃப்ஐஎம் (சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு) மினிஜிபி ஆகியவை இந்த வகை. மினிஜிபி 2022-இல் இந்தியாவுக்கும் வந்தது. 10 முதல் 14 வயதுக்காரர்கள் ஓவாலே என்ற இத்தாலிய நிறுவனத்தின் 160 வண்டியில் ஓடும் தொடர் அது.

பாக்கெட் பைக்

எடை குறைவு என்ற கணக்கில் இதுதான் முதலிடம். 40 சிசி இருவீச்சு எஞ்சின், 6.5 அங்குலச் சக்கரம், இருபத்து சில கிலோ எடை. கியர் கிடையாது. இத்தாலியில் பல பந்தய வீரர்கள் இதில்தான் தொடங்கினார்கள்; மோட்டோஜிபி சாம்பியன் வாலண்டினோ ரோஸியும் மினிமோட்டோ (பாக்கெட் பைக்கின் இத்தாலியப் பெயர்) ஓட்டி வந்தவர்தான். பொலினி, பிளாட்டா போன்ற நல்ல தயாரிப்பு கிடைத்து, பக்கத்திலேயே அதற்கான பந்தயமும் நடந்தால் தயங்காமல் வாங்கலாம்.

சிக்கல் மலிவான 49 சிசி நகல்களில். இழுத்து ஸ்டார்ட் செய்யும் கயிறு அறும். கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்து, ஐடிலிலேயே வண்டி முன்னால் நகரப் பார்க்கும். கேபிளில் இயங்கும் பிரேக்கைப் பிள்ளையின் விரல் பலத்தால் முழுதாகப் பிடிக்க முடியாது. சஸ்பென்ஷனும் இல்லாததால் டிராக்கின் சிறு மேடுகூட முன்சக்கரத்தைத் தூக்கிவிடும். இந்த நகல்களை வாங்க வேண்டாம்.

50 சிசி: ஹோண்டா சிஆர்எஃப்50, யமஹா டிடிஆர்50

ஐந்து முதல் ஏழு வயது வரை இதற்கு மாற்று இல்லை. இருக்கை உயரம் சுமார் 55 சென்டிமீட்டர், 10 அங்குலச் சக்கரம், மூன்று கியர், கிளட்ச் லீவர் கிடையாது. ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறக்கலாம் என்பதை ஒரு ஸ்க்ரூவால் கட்டுப்படுத்தலாம். தொடக்கத்தில் கால் பங்கு போதும். ஹோண்டாவில் கிக் ஸ்டார்ட் மட்டுமே. யமஹாவில் பட்டன் ஸ்டார்ட் உண்டு, எடை சற்றுக் கூடுதல். வண்டி நின்றுபோனால் பிள்ளையே மறுபடி கிளப்பிவிடும் என்பதால் யமஹாவுக்கு என் ஓட்டு. மண்தரைக்கான கட்டை டயரைக் கழற்றிவிட்டுச் சாலை டயர் போட்டால் கார்ட் டிராக்குக்குத் தயார். ஒரே குறை, பிள்ளை வளரும் வேகத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது.

110 சிசி: மாற்றியமைத்த மண்தரை வண்டி

ஏழு வயதுக்கு மேல், இருக்கையில் உட்கார்ந்து இரண்டு முன்பாதங்களும் தரையைத் தொடுகிற பிள்ளைக்கு என் தேர்வு இதுதான். ஹோண்டா சிஆர்எஃப்110, கவாஸாகி கேஎல்எக்ஸ்110, யமஹா டிடிஆர்110 மூன்றுமே நான்கு கியர், தானியங்கி கிளட்ச், 65 முதல் 68 சென்டிமீட்டர் இருக்கை உயரம். எஞ்சின் படுக்கை வாக்கில் இருக்கும். பழைய ஹோண்டா கப் (Cub) பைக்கின் வழி வந்த அமைப்பு. இந்த வகை எஞ்சினுக்கு உதிரிபாகம் கிடைக்காத நாடு குறைவு.

வாங்கியபடியே டிராக்கில் விட முடியாது. முன்சக்கரம் 14 அங்குலம். அதை 12-ஆக மாற்றி முன்னால் 100/90-12, பின்னால் 120/80-12 அளவு டயர் போட வேண்டும். சக்கரம் சிறிதானதும் முன்பக்கம் தாழ்ந்து ஹேண்டில் வெடுக்கென்று திரும்பும். பழகும்வரை ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்களை) மேலே ஏற்றி வைத்து மேலும் தாழ்த்திவிடாதீர்கள். செயின் மிக அருகில் ஓடினால் அகல டயரில் உரசும். சக்கரத்தைக் கையால் சுற்றி, விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டைக் கழற்றிவிட வேண்டும். ஆயில் வடிக்கும் போல்ட்டும் ஆயில் மூடியும் கம்பி போட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டின் கீழே விரல் சிக்காதபடி ஒரு தடுப்புத் தகடும், பிரேக் லீவருக்குக் காப்பும் அவசியம்.

டயர் காற்றைச் சூடான நிலையில் 20 பிஎஸ்ஐ அருகில் வைத்துத் தொடங்கலாம். பெரியவருக்குச் சொல்லும் அழுத்தத்தை அப்படியே வைத்தால் இலேசான பிள்ளைக்கு டயர் சூடாகவே ஆகாது. ஆயில் விஷயத்தில் கார் ஆயில் வேண்டவே வேண்டாம். கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, வழுக்கத் தொடங்கிவிடும். ஜேஏஎஸ்ஓ எம்ஏ என்று குறித்த பைக் ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள்.

இந்த வண்டிகளில் கவனிக்காவிட்டால் காயமாகும் இடம் ஒன்று உண்டு. நியூட்ரல் 1-க்கும் 2-க்கும் நடுவில் இல்லை, எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. வளைவுக்கு முன் பதற்றத்தில் பிள்ளை கியரை ஒன்று கூடுதலாகத் தட்டினால் வண்டி நியூட்ரலுக்குப் போய், எஞ்சின் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு வளைவுக்குள் நுழையும். முதல் சில நாள் இரண்டாவது கியரிலேயே முழு டிராக்கையும் ஓடச் சொல்லுங்கள். பிறகு 3-இலிருந்து 2-க்கு இறங்கும் பழக்கம் மட்டும். இறக்கும்போது பெடலைத் தட்டிவிட்டு உடனே காலை எடுக்கக் கூடாது. பெடல் அழுந்தியிருக்கும்வரை உள்ளே கிளட்ச் திறந்தே இருக்கும். மெதுவாக விட்டால் மெதுவாகப் பிடிக்கும். படாரென்று விட்டால் பின்சக்கரம் குதித்து வண்டி பக்கவாட்டில் நழுவும். கிளட்ச் லீவர் இல்லாத வண்டியில் கால்தான் கிளட்ச் என்று பிள்ளைக்குப் புரிய வைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றில் எது? ஹோண்டாவின் 2019-க்குப் பிந்தைய மாடல்களில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால் கார்புரேட்டர் தொல்லை இல்லை. கவாஸாகிக்குக் கூடுதல் பாகங்கள் ஏராளம்; அதன் ஃபோர்க் மட்டும் மெத்தென்றிருக்கும், கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் எதற்கு மெக்கானிக் இருக்கிறாரோ அதை எடுங்கள்.

ஓவாலே ஜிபி-0

குழாய்ச் சட்டகம், நல்ல டிஸ்க் பிரேக், மாற்றியமைக்கக்கூடிய சஸ்பென்ஷன், பெரிய பந்தய வண்டியின் உட்காரும் நிலை. பந்தயத்துக்கென்றே இத்தாலியில் செய்யப்பட்டது, அது ஓட்டும்போதே தெரியும். பிரேக்கைத் தொட்டதும் என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளையின் விரல் உணரும். டிரம் பிரேக்கில் அந்த உணர்வு வராது. ஓவாலே 110-இல் தானியங்கி கிளட்ச் வகையும் உண்டு. பத்து வயதில் மினிஜிபி என்பது முடிவான இலக்கு என்றால் ஓவாலே 110-இல் ஏறி 160-க்குப் போவது நேர்வழி.

ஆனாலும் முதல் வண்டியாக இதை நான் சொல்ல மாட்டேன். ஒரு சாதாரண விழுகையில் கிளிப்-ஆன் ஹேண்டில் (ஃபோர்க்கில் தனித்தனியாகப் பொருத்தும் ஹேண்டில்), ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) தாங்கி, லீவர், ஃபேரிங் (வெளி உறை) என்று நான்கு பொருள் ஒரே சமயத்தில் போகலாம். இந்தியாவில் அவை இறக்குமதியாகி வரும்வரை பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும். 110 மண்தரை வண்டியில் அதே விழுகைக்கு வளைந்த ஹேண்டில்பாரை மாற்றிவிட்டு மதியமே ஓடலாம். கற்கும் வயதில் ஓடும் மணிநேரம்தான் முக்கியம். ஓவாலே வாங்குபவர்கள் இரண்டு ஜோடி கிளிப்-ஆன், இரண்டு ஜோடி லீவர், ஒரு ஜோடி ஃபுட்பெக் ஆகியவற்றை வண்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஹோண்டா என்எஸ்எஃப்100

பழையதாகத்தான் கிடைக்கும். 99 சிசி, காற்றால் குளிரும் எஞ்சின், ஐந்து கியர், கையால் பிடிக்கும் கிளட்ச். ஹோண்டா இந்தியா டேலன்ட் கப் பந்தயத்தில் ஓடிய என்எஸ்எஃப்250ஆர் வண்டியின் குட்டித் தம்பி எனலாம். பத்து வயதுக்கு மேல், கிளட்ச் கற்க வேண்டிய கட்டத்தில் அருமையான வண்டி. 110-இலிருந்து வரும் பிள்ளைக்கு கியர் வரிசை மாறுகிறது, இங்கே நியூட்ரல் 1-க்கும் 2-க்கும் நடுவில். ஒரு நாள் முழுக்கக் காலி மைதானத்தில் பழக்கிவிட்டு டிராக்குக்குக் கூட்டிப்போங்கள்.

வாங்கும் முன்

பிள்ளைக்கு லெதர் சூட், பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாம் போட்டுவிட்டே உட்கார வையுங்கள்; வீட்டு உடையில் எட்டும் லீவர் கையுறையில் எட்டாமல் போகும். இரண்டு விரலின் முதல் மடிப்பு பிரேக் லீவரில் படிய வேண்டும். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் எதிர்ப்பக்க முழங்கை நேராக விறைத்துவிடக் கூடாது.

பழைய வண்டியாக இருந்தால் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்ல இருபுறமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் ஸ்டீயரிங் பேரிங் தேய்ந்துவிட்டது, அதை மாற்றலாம். ஹேண்டில்பார் நிறுத்தும் முட்டு நசுங்கி, அதை ஒட்டிய சட்டகத்தில் பெயிண்ட் வெடித்திருந்தால் வண்டி பலமாக மோதியிருக்கிறது. விலையைக் குறைத்துத் தந்தாலும் எடுக்காதீர்கள்.