கால் மணி நேரக் கணக்கு: தெரபி நிறுவனம் ஒன்றில் கேஸ் மேனேஜர் வேலை

கலிபோர்னியாவின் பே ஏரியாவில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏ.பி.ஏ. எனப்படும் நடத்தைசார் சிகிச்சை அளிக்கும் நடுத்தர அளவிலான நிறுவனம் ஒன்றில் கேஸ் மேனேஜராக இருந்துவிட்டு அண்மையில் விலகினேன். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. நான் சொல்லவிருப்பதில் பெரும்பகுதி இத்துறையின் மற்ற நிறுவனங்களுக்கும் பொருந்தக்கூடியது. உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் வேலை அனுமதி வாங்கி வைத்திருக்கும் தமிழ்ப் பெண்கள் பலர் இந்த வேலையைப் பற்றி அடிக்கடி விசாரிப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்கு அமைந்திருக்காது. ஆனால் வேலையை அந்த நிறுவனம் அளக்கும் முறை, அதில் மிக அவசியமான பகுதியையே கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலில் கேஸ் மேனேஜர் எங்கே நிற்கிறார் என்பது தெரிய வேண்டும். 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டம் ஒன்று, ஆட்டிசத்துக்கான நடத்தைசார் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பணம் தந்தாக வேண்டும் என்றது. சிகிச்சை அளிப்பவர்களை மூன்று படிகளாகவும் அது வகுத்தது. கீழ்ப்படியில், 40 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து ஆர்.பி.டி. சான்றிதழ் பெற்ற தெரபிஸ்டுகள் குழந்தையோடு தினமும் உட்காருகிறார்கள். மேற்படியில் முதுகலைப் பட்டமும் பி.சி.பி.ஏ. சான்றிதழும் உள்ளவர் சிகிச்சைத் திட்டத்துக்குக் கையெழுத்திடுகிறார். நடுவில் இருப்பவர்தான் கேஸ் மேனேஜர். குழந்தையை மதிப்பிட்டு இலக்குகளை எழுதுவது, தெரபிஸ்டுகளுக்குப் பக்கத்தில் இருந்து செய்துகாட்டுவது, பெற்றோருக்குப் பயிற்சி அளிப்பது, தினமும் வந்து சேரும் டேட்டாவைப் பார்த்துத் திட்டத்தைத் திருத்துவது, யாருக்கு யார் எந்த நேரத்தில் செல்வது என்ற அட்டவணையைக் கலையாமல் காப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும். எட்டுக் குடும்பங்கள் என்று சொல்லி என்னைச் சேர்த்தார்கள். ஓராண்டு முடிவதற்குள் அது பதினான்கானது.

வேலை என்னவோ அருமையான வேலை. பேச்சு வராத சிறுவன் ஒருவனுக்கு, பட அட்டையை எடுத்து நீட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்கக் கற்றுக்கொடுப்பது இலக்காக இருந்தது. நிறுவனம் கொடுத்த அட்டைப் பெட்டியில் பிரெட்ஸல் இருந்தது, சீஸ் பிஸ்கட் இருந்தது, ஆப்பிள் ஜூஸ் இருந்தது. அந்தப் பிள்ளை உயிராக நினைக்கும் இட்லி இல்லை. அவர்கள் வீட்டுத் தட்டிலேயே இட்லியை வைத்துப் போனில் படம் எடுத்து, லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டிக் கொண்டுபோனேன். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த பாட்டி, அவன் அட்டைப் பக்கம் திரும்புவதற்குள்ளேயே ஊட்டிவிடுவார். பொறுக்கச் சொன்னபோது, "ஏம்மா, கேட்டாத்தான் சோறுன்னா பிள்ளை பட்டினி கெடக்காதா?" என்றார். "பட்டினி போட வேண்டாம்மா. வாயைத் திறந்ததும் ஊட்டாம, மனசுக்குள்ள மூணு எண்ணுங்க, அவனே எடுத்து நீட்டுவான்" என்று சொல்லி, நானே ஒருமுறை செய்துகாட்டினேன். இரண்டாவது வாரத்தில் எங்கள் தெரபிஸ்டுகளைவிடச் சரியாக மூன்று எண்ணியவர் அந்தப் பாட்டிதான். நாள் முழுவதும் அவனுடன் இருப்பவரும் அவரே என்பதால், மாலையில் இரண்டு மணி நேரம் வந்துபோகும் எங்களால் ஆகாதது அவரால் ஆயிற்று.

இனி, இந்த வேலையை நிறுவனம் எப்படிக் கணக்கிட்டது என்று பாருங்கள். 2019 முதல் அமெரிக்கா முழுவதும் இந்தச் சிகிச்சைக்கு ஒரே வரிசையில் பில்லிங் குறியீடுகள் உள்ளன: தெரபிஸ்ட் குழந்தையுடன் செலவிடும் நேரத்துக்கு 97153, திட்டத்தை மேற்பார்வையிட்டுத் திருத்தும் நேரத்துக்கு 97155, பெற்றோர் பயிற்சிக்கு 97156, மதிப்பீட்டுக்கு 97151. எல்லாமே 15 நிமிட அலகுகள். பாட்டியுடன் உட்கார்ந்த நேரம் 97156இல் சேரும், அதுவும் இன்சூரன்ஸ் அனுமதித்த மணி நேரத்துக்குள் இருந்தால் மட்டும். இட்லி அட்டை தயாரித்த நேரம் எந்தக் குறியீட்டிலும் சேராது. பள்ளி ஆசிரியரிடம் போனில் பேசிய நேரம் சேராது. தெரபிஸ்ட் அழுதுகொண்டே அழைத்தபோது அவரைத் தேற்றிய நேரம் சேராது. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கார் ஓட்டிய நேரமும் சேராது. இவற்றுக்கெல்லாம் சம்பளம் உண்டுதான், ஆனால் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பில் ஆக வேண்டும் என்ற இலக்கு தனியே நிற்கிறது. எங்களுக்கு அது 28. மேலாளர் வெள்ளிக்கிழமை தோறும் அனுப்பும் பட்டியலில் இலக்கைத் தொடாதவர்களின் பெயர் சிவப்பில் இருக்கும். சிகிச்சை எப்படிப் போகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தைப் பற்றி, வாரக்கணக்கில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் இருந்ததுண்டு.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் செஷன் ரத்தாகும். ரத்தானால் தெரபிஸ்டுக்கு அந்த மணி நேரம் வருமானம் இல்லை. எனக்கு இலக்கில் ஓட்டை விழும். பிற்பகல் மூன்றிலிருந்து ஏழுவரைதான் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு நேரம் என்பதால், எல்லாக் குடும்பங்களும் அதே நான்கு மணி நேரத்தையே கேட்பார்கள். பிரீமாண்டில் ஒரு வீட்டை முடித்துவிட்டு, நான்கு மணிக்கு 237ஆம் நெடுஞ்சாலையில் ஊர்ந்து சன்னிவேலில் இன்னொரு வீட்டை அடைவது என்பது அட்டவணை போடும் மென்பொருளுக்கு வெறும் இருபது நிமிடம்! தெரபிஸ்டுகள் நிலையாக இருப்பதுமில்லை. மணிக்கூலி போதாமல் ஒருவர் விலகும்போதெல்லாம், முன்பின் தெரியாத இன்னொருவரை ஒரு குழந்தையிடம் அழைத்துப்போய் முதலிலிருந்து பழக்க வேண்டும். அந்தக் குழந்தை கற்றதில் கொஞ்சம் பின்வாங்குவதையும் பார்க்க வேண்டும். பெற்றோரின் கோபம் நிறுவனத்தின் மேல் என்றாலும், அதைக் கேட்டுக்கொள்ளும் காது நம்முடையது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். முப்பது பக்க அறிக்கையை நாம் எழுத, பி.சி.பி.ஏ. கையெழுத்திட்டு அனுப்புவார். வாரம் 25 மணி நேரம் கேட்டால் 15 போதாதா என்று இன்சூரன்ஸ் தரப்பு நிபுணர் தொலைபேசியில் வாதிடுவார். 25 மணி நேரம் எல்லாக் குழந்தைகளுக்கும் தேவைதானா என்பது வேறு கேள்வி. உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதிலிருந்து, அதிக மணி நேரம் என்றாலே நல்லது என்ற எண்ணம் இத்துறையில் ஊறிவிட்டது. மணி நேரத்துக்குத்தான் பணம் என்னும்போது அந்த எண்ணத்தைக் கேள்வி கேட்க நிறுவனங்களுக்கு அவசரம் இருக்காது. ஒரு பெண் குழந்தைக்கு மணி நேரத்தைக் குறைக்கலாம் என்று நான் எழுதியபோது, அறிக்கை இரண்டு முறை என்னிடமே திரும்பி வந்தது. மூன்றாம் முறை கிளினிக்கின் தலைமை பி.சி.பி.ஏ. என் பக்கம் நின்றதால்தான் அது நிறைவேறியது.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது, கையை அசைப்பதை நிறுத்துவது போன்ற பழைய இலக்குகளை, ஆட்டிசம் உள்ள பெரியவர்களே எதிர்த்து எழுதிவருவதைப் படித்துவிட்டு, எங்கள் கிளினிக்கில் அவர் அறவே நீக்கினார். குழந்தை எழுந்து போக விரும்பினால் போக விட வேண்டும், ஏன் போனது என்று பிறகு பார்க்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நான் அங்கே அத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்கு அவரே காரணம்.

பி.சி.பி.ஏ. ஆக விரும்புவோருக்கு இந்த வேலையில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது. அந்தத் தேர்வை எழுத 2000 மணி நேரம் மேற்பார்வையுடன் கூடிய களப்பயிற்சி வேண்டும். அதில் குறைந்தது 60 விழுக்காடு மதிப்பீடு, திட்டம் எழுதுதல், வரைபட ஆய்வு, பெற்றோர் பயிற்சி போன்றவையாக இருக்க வேண்டும். குழந்தையுடன் நேரடியாக உட்காரும் நேரத்தை அந்த 60இல் சேர்க்க முடியாது. ஆர்.பி.டி. வேலையில் மட்டும் இருப்பவர்கள் இந்த மணி நேரத்துக்காகத் திண்டாடுவார்கள். சிலர் கைக்காசு கொடுத்து மேற்பார்வை வாங்குவார்கள். கேஸ் மேனேஜருக்கு அது அன்றாட வேலையிலேயே சேர்ந்துவிடுகிறது, மேற்பார்வையும் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் சான்றிதழ் பெற்றபின் குறிப்பிட்ட காலம் அங்கேயே பணியாற்ற வேண்டும், இல்லையேல் மேற்பார்வைச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒப்பந்தத்தை நீட்டினார்கள். கையெழுத்திடுவதற்கு முன் தொகையைப் பாருங்கள். ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2023 முதல் இந்தியாவில் வசித்துக்கொண்டு இந்தச் சான்றிதழுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வழியில்லை என்பதால், இங்கிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

நேர்காணலில் நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்று கேட்கத் தயங்க வேண்டாம். இத்துறையில் முதலீட்டு நிறுவனங்களின் பணம் நிறையப் புழங்குகிறது. நாட்டின் மிகப்பெரிய ஆட்டிசச் சிகிச்சை நிறுவனங்களில் ஒன்றான கார்டு என்ற நிறுவனத்தை 2018இல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2023 ஜூனில் கார்டு திவால் பாதுகாப்பு கோரியது. இலக்கு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பது உரிமையாளரைத் தெரிந்துகொண்டால் ஓரளவு புரியும். அடுத்து, கேஸ் மேனேஜர் ஒருவரிடம் சராசரியாக எத்தனை குடும்பங்கள், அதிகபட்சம் எத்தனை என்பதை எழுத்தில் கேளுங்கள். மணிக்கூலியில் சேர்ப்பதானால், ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குச் செல்லும் நேரத்துக்குக் கூலியும், சொந்தக் கார் ஓடும் தூரத்துக்கு ஈட்டுத்தொகையும் தருவது கலிபோர்னியாவில் சட்டப்படியான கடமை. இதைச் சலுகையாகப் பேசும் இடத்தில் மற்றவற்றையும் ஒருமுறைக்கு இருமுறை விசாரிக்க வேண்டும். செஷன் ரத்தானால் அந்த மணி நேரம் உங்கள் இலக்கிலிருந்து கழிக்கப்படுமா என்றும் கேளுங்கள். எங்கள் நிறுவனத்தில் கழிக்கப்படுவதில்லை என்பது வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது; பணி நியமனக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை.