லைக்ராத் துணியில் காலவெளி: ஒரு கற்பித்தல் தொகுதியின் மதிப்பீடு

எட்டுத் துண்டாகப் பொருத்தும் 1.2 மீற்றர் விட்டமுள்ள பிவிசி வளையம், நான்கு கால், கறுப்பு லைக்ராத் துணி, 24 கிளிப், 1 கிலோகிராம் உருக்கு உருண்டை, 16 மில்லிமீற்றர் கண்ணாடி மாபிள்கள், ஒரு கையேடு. பாரமான பொருள் காலவெளியை, அதாவது வெளியையும் நேரத்தையும், வளைப்பதே ஈர்ப்பு என்பதைக் காட்டவென யாழ் நகரத்துக் கற்பித்தல் உபகரணக் கடையொன்றில் விற்கும் இந்தத் தொகுதியில் இருப்பவை இவ்வளவுதான். துணியும் சட்டகமும் காசுக்கு வஞ்சகம் செய்யாது. கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில் துணி. நெடுக்கும் குறுக்கும் ஒரே அளவு இழுபடுகிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுபடும் துணியில் குழி நீள்வட்டமாக விழும், பிறகு எந்த அளவையும் பயன்படாது. தளர்ந்த துணியில் 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போடுங்கள். கிளிப் எல்லாம் மாட்டியபின் அது 11 ஆக இருந்தால் போதும். சைக்கிள் சில்லுக்குக் கம்பி இறுக்குவது போல எதிரெதிராக மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக மாட்டினால் கடைசிக் கிளிப்புகளில் சுருக்கம் சேர்ந்துவிடும். உருண்டையை நடுவில் வைத்து, வளையத்தின் மேல் ஒரு நேரான தடியைக் கிடத்தி, மையத்திலிருந்து 30 சென்ரிமீற்றரில் நாலு திசையிலும் ஆழத்தை அளந்து பாருங்கள். 5 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழற்றி மாட்டுவதே நல்லது.

வளையத்தின் மூட்டுகள் வெறுமனே செருகப்படுகிறவை. துணி இறுகியதும் அவை மெல்லத் திரும்பி வளையம் வளைந்து நிற்கும். மூட்டுக்கு ஒரு சின்னத் திருகாணி போட்டால் தீர்ந்தது. விறாந்தையில் வைப்பவர்கள் ரசமட்டம் பிடித்துப் பார்க்க வேண்டும். கழுவிய தண்ணீர் ஓடுவதற்காக அந்தத் தரை சாய்வாகத்தான் போடப்பட்டிருக்கும், மாபிளும் அந்தப் பக்கமே ஒதுங்கும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் யன்னலைச் சாத்துங்கள். செம்மண் தூசி படிந்த துணியைப் பச்சைத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். குளோரீன் பட்டால் லைக்ராவின் இழுவை போய்விடும்.

இனிப் பரிசோதனை. உருக்கு உருண்டை ஏறக்குறைய 6.3 சென்ரிமீற்றர் விட்டமுள்ளது, குழியின் நடுவை அதுவே அடைத்துக்கொள்கிறது. அதைவிட, துணியின் நடுவில் ஒரு மாபிளை வைத்துக் கீழ்ப்பக்கமாக நூலால் கட்டி, அதில் 1.5 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தொங்கவிடுவது மேல். குழி ஒடுங்கிச் செங்குத்தாக இறங்கும். பாதியாகப் பிளந்த 30 சென்ரிமீற்றர் குழாய்த் துண்டைத் தொடலித் திசையில் சரித்துப் பிடித்து மாபிளை விடுங்கள், கையால் எறிந்தால் வேகம் ஒரே மாதிரி வராது. போனை நேர் மேலே பொருத்தி வீடியோ எடுத்து, 10, 20, 30, 40 சென்ரிமீற்றர் ஆரைகளில் ஆவர்த்தனகாலத்தை, அதாவது ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தை, கணியுங்கள். மாபிள் சுற்றச் சுற்ற உள்ளே இறங்குவதால் ஒவ்வொரு விடுகையிலும் முதல் சுற்றை மட்டும் எடுக்க வேண்டும். தன் பாரத்துக்குத் தானே ஒரு சிறு குழி போட்டு, அதிலிருந்து ஏறி ஏறித்தான் மாபிள் உருள்கிறது. சக்தியில் பெரும்பங்கு போவது அதில்தான்.

ஆரை, காலம் இரண்டினதும் மடக்கையை (log) வைத்து வரையும் மடக்கை-மடக்கை வரைபின் படித்திறனை (சாய்வை) பார்த்தால் கையேட்டின் பிழை வெளிச்சமாகும். கோள்கள் சூரியனைச் சுற்றும் கெப்லரின் விதிப்படியே மாபிளும் ஓடுகிறது என்கிறது கையேடு. கெப்லர்ப்படி படித்திறன் 1.5, அதாவது ஆரை நாலு மடங்கானால் காலம் எட்டு மடங்கு. இறுக்கிக் கட்டிய துணியில் அது 1: நாலுக்கு நாலு. முன்னிழுவையே இல்லாத, அதாவது இழுக்காமல் மாட்டிய துணியில் 0.67, நாலுக்கு இரண்டரை. உங்கள் புள்ளிகள் இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையில் விழ வேண்டும். மாபிள் உருளுவதால் வேகம் குறையும், படித்திறன் மாறாது. உயர்தர மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறை இந்தப் பெட்டியில் இல்லை.

புதனின் நீள்வட்டச் சுற்றுப்பாதை தானே மெல்லத் திரும்புவதையும் இதில் காணலாம் என்கிறது கையேடு. திரும்புகிறது, ஆனால் எதிர்த் திசையில். இறுக்கமான துணியில் மாபிள் மையத்துக்குக் கிட்டிய புள்ளியிலிருந்து அடுத்த கிட்டிய புள்ளிக்கு வர ஏறக்குறைய 255 பாகை போதும். புதனோ 360ஐயும் தாண்டி வருகிறது. மற்றக் கோள்களின் இழுவையைக் கழித்தபின் மிஞ்சும் அந்த மேலதிகம் நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை பாகையின் 3600இல் ஒரு பங்கு).

"சூரியனைச் சுற்றி வெளி இப்படித்தான் வளைந்திருக்கிறது" என்ற படவிளக்கம் இன்னும் மோசம். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குச் சுவாட்சைல்ட் 1916இல் தந்த தீர்வை வைத்து வெளியின் வளைவை ஒரு பரப்பாக வரையலாம். சூரியனின் விளிம்பில் அந்தப் பரப்பின் சாய்வு மீற்றருக்கு 2 மில்லிமீற்றர் மட்டுமே. சீமெந்துத் தரையின் மேடுபள்ளமே அதற்கு மேல் வரும். துணி காட்டுவது ஈர்ப்பு அழுத்தத்தின் (gravitational potential) ஒரு தோராய வடிவம், அதுவும் பூமியின் ஈர்ப்பு மாபிளைக் கீழே இழுத்துத் தருகிற உதவியோடு. பனம்பழம் விழுவதற்குக் காரணம் ஏறக்குறைய முழுவதும் நேரத்தின் வளைவு: ஒரு மீற்றர் உயரத்தில் உள்ள மணிக்கூடு 10,00,00,00,00,00,00,000இல் ஒரு பங்கு வேகமாக ஓடுகிறது. ஜிபிஎஸ் செய்மதிகளில் இது நாளுக்கு 45 மைக்ரோசெக்கன். வேகத்தால் பின்தங்கும் 7ஐக் கழித்தால் 38. துணியில் நேரத்துக்கு இடமே இல்லை, கையேடும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை.

வெளியின் வளைவைக் காட்ட ஒரு பிறிஸ்டல் மட்டை போதும். வட்டமாக வெட்டி, 30 பாகை ஆரைச்சிறையை (விசிறி வடிவத் துண்டை) நீக்கி, கூம்பாக ஒட்டுங்கள். உச்சியின் இரு பக்கத்திலும் ஒடுக்கமான கடதாசி ரேப்பைச் சமாந்தரமாகத் தொடங்கிச் சுருக்கமில்லாமல் ஒட்டிக்கொண்டு போனால், உச்சியைத் தாண்டியபின் இரண்டும் 30 பாகையில் சந்திக்கும். மாபிளும் வேண்டாம், கீழ்நோக்கிய இழுவையும் வேண்டாம். சூரிய விளிம்பில் ஒளி வளையும் 1.75 விகலையில் பாதி இவ்வகை வளைவால் வருவது, மறுபாதி நேரத்தால். 1919 முழுச் சூரிய கிரகணத்தில் அளந்தது இந்த முழுத் தொகையை. 2010இலும் 2019இலும் யாழ்ப்பாணத்தில் தெரிந்தவை கங்கண கிரகணங்கள். சூரியன் முழுதாக மறையாததால் அவற்றில் இந்த அளவீட்டுக்கு வழியில்லை.

பாடசாலைக்கு வாங்கலாம். வீட்டுக்கென்றால் வளையத்தைக் குழாய்க் கடையிலும் லைக்ராவைப் புடவைக் கடையிலும் எடுப்பது மலிவு. அகலம் போதாத துணி கிளிப்புக்கு எட்டாது.