குடும்ப நல வக்கீல் சேவை: காசு எங்கே பலன் தருகிறது, எங்கே தேவையே இல்லை

குடும்ப வழக்குக்கு வக்கீல் வைப்பதைப் பலர் பேச்சாளர் தேடுவதைப் போலச் செய்கிறார்கள். கோர்ட்டில் நன்றாக வாதாடுவாரா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் உங்கள் காசுக்கு மதிப்பு வருவது பெரும்பாலும் வாதத்தில் அல்ல, அவர் எழுதித் தரும் மனுவில். 1984ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி அங்கே வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையே கிடையாது. நீதிமன்றம் அனுமதித்தால்தான் அவர் ஆஜராக முடியும். நடைமுறையில் அனுமதி கிடைத்துவிடுகிறது. ஆனாலும் நீதிபதி நேரடியாகக் கேள்வி கேட்பது கணவனையும் மனைவியையும்தான். அப்போது உங்களைக் காப்பாற்றுவது முன்பே தாக்கல் செய்த காகிதம்.

எந்த வக்கீலின் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை, நட்சத்திரமும் போடப்போவதில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்வதை, அவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி 36 தடுக்கிறது. வக்கீல் சேவையை இணையத்தில் விற்கும் தளங்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவும் போட்டது. அதனால் இங்கே மதிப்பிடுவது வேலையைத்தான். உங்கள் வக்கீல் செய்யும் வேலையை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இருவரும் சம்மதித்துச் சேர்ந்து கேட்கும் மியூச்சுவல் விவாகரத்தில் தொடங்கலாம். இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுக்கு ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். வேறு வேறு வீடு என்று கட்டாயமில்லை. ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் போதும். கூட்டு மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் திரும்ப வந்து கேட்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் எதிர் ஹர்வீன் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு மனு போடும்போதே பிரிந்து பதினெட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் தீர்ந்திருக்க வேண்டும். தேதி சொல்லாமல் ‘சில காலமாகப் பிரிந்து வாழ்கிறோம்’ என்று எழுதிய மனு இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பிரிந்த நாள், மாதம், வருடம் மூன்றையும் கேட்டு எழுதாத வக்கீல் உங்கள் ஆறு மாதத்தை வீணாக்கிவிடுவார்.

அதைவிட முக்கியம் உடன்படிக்கைப் பத்தி. பல மனுக்களில் அது இப்படி இருக்கும்: ‘நகைகளும் சீர்ப்பொருட்களும் பரஸ்பரம் திருப்பித் தரப்பட்டன. குழந்தை தாயிடம் இருக்கும். தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.’ மூன்று வாக்கியம், மூன்று எதிர்கால வழக்கு. ‘அவ்வப்போது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றமும் எதையும் நிறைவேற்ற முடியாது. இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை, எங்கே வந்து அழைத்துப் போவது, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து என்று எழுதியிருந்தால்தான் அது உடன்படிக்கை. நகைக்குச் சவரன் கணக்கு வேண்டும், உருப்படி வாரியாக, கொடுத்த தேதியோடு. பணத்துக்கு டிடி எண் வேண்டும். பாதி முதல் விசாரணையில், மீதி இரண்டாவது விசாரணையில் என்று பிரித்து எழுதுவதே பாதுகாப்பு. ஏனென்றால் தீர்ப்பு வரும் நாள் வரை இருவர் சம்மதமும் நீடிக்க வேண்டும். நடுவில் ஒருவர் பின்வாங்கினால் மனு விழுந்துவிடும், முழுத்தொகையும் அதற்குள் கைமாறியிருந்தால் அதைத் திரும்பப் பெறத் தனியாக அலைய வேண்டும்.

வரதட்சணைக் கொடுமைப் புகார் நிலுவையில் இருந்தால் இன்னொரு வரி கட்டாயம். அந்தக் குற்றத்தைத் தமிழ்நாட்டில் இருவரும் சமாதானமாகிக் கீழ் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ள முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட வேண்டும். எஃப்ஐஆர் எண், ரத்துக்கு ஒத்துழைக்கும் பிரமாணப் பத்திரம் எந்தத் தேதிக்குள், செலவு யாருடையது என்பதெல்லாம் கூட்டு மனுவிலேயே வந்துவிட வேண்டும். விவாகரத்து கிடைத்தும் கிரிமினல் வழக்கு தொங்கிக்கொண்டிருப்பதற்கு இந்த ஒரு வரி விட்டுப்போனதே காரணமாக இருக்கும்.

ஒருவர் கேட்க மற்றவர் எதிர்க்கும் போட்டி வழக்கைப் பற்றிச் சுருக்கமாக. ஜீவனாம்சம் கேட்டாலும் எதிர்த்தாலும் 2020ஆம் வருட ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். இதற்குச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரித் தாக்கல் எல்லாம் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கும் வக்கீல் நல்லவர். வாய்தாவுக்கு உங்கள் தரப்பில் யாருமே போகாமல் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால், அதாவது நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிட்டால், அதை ரத்து செய்யக் கேட்க முப்பது நாள்தான். அதனால் வழக்கு எண் விழுந்த உடனேயே ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தேதியும் அன்று நடந்ததும் அதில் வரும். குமாஸ்தா சொல்லும் தேதியும் செயலியில் உள்ள தேதியும் இரண்டு முறை மாறினால் வக்கீலிடமே நேரில் கேளுங்கள்.

தத்தெடுப்பில் கதை வேறு. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காரா வழியாகக் குழந்தை எடுக்க வக்கீலே தேவையில்லை. அதன் கேரிங்ஸ் இணையதளத்தில் பதிவு, வீட்டு ஆய்வு, குழந்தை விவரம் வந்தால் 48 மணி நேரத்தில் முடிவு, பிறகு தத்தெடுப்பு நிறுவனம் வழியாக விண்ணப்பம். 2022 செப்டம்பர் முதல் உத்தரவு போடுவது நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ‘கோர்ட் ஆர்டர் வாங்கித் தருகிறேன்’ என்று இதற்கு இன்றும் ஃபீஸ் சொல்பவர் சட்டம் மாறியதைப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் பத்திரம் எழுதி வாங்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். அது தத்து அல்ல. இளைஞர் நீதிச் சட்டத்தின் 80, 81 பிரிவுகளில் சிறைத்தண்டனை உண்டு, குழந்தையும் கையைவிட்டுப் போகும்.

சொந்தத்துக்குள் தத்து எடுக்கும் இந்துக்களுக்கு 1956ஆம் வருட இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி தத்துப் பத்திரம் எழுத வக்கீல் உதவுவார். குழந்தைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. ஆண் பெண்ணையோ பெண் ஆணையோ எடுத்தால் இருபத்தொரு வயது வித்தியாசம் வேண்டும். குழந்தையைக் கொடுத்ததும் வாங்கியதும் உண்மையில் நடந்திருக்க வேண்டும், அந்த நாளும் இடமும் பத்திரத்தில் வர வேண்டும். பதிவு செய்த பத்திரத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு 16ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் அது செல்லும். வாங்குபவர் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

விவாகரத்தும் தத்தும் சேரும் இடத்தில்தான் திறமையான வக்கீலுக்கு உண்மையான வேலை. மறுமணம் செய்த பெண், இரண்டாவது கணவர் தன் குழந்தையைத் தத்தெடுக்க வேண்டும் என்கிறார். விவாகரத்துத் தீர்ப்பில் கஸ்டடி, அதாவது குழந்தையை வைத்து வளர்க்கும் பொறுப்பு, அந்தப் பெண்ணுக்குத்தான். ஆனால் கஸ்டடி என்பது தத்துக் கொடுக்கும் சம்மதம் அல்ல. பெற்ற தகப்பனின் சம்மதம் தனியாக வேண்டும். துறவியானவர், மதம் மாறியவர், மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர் தவிர வேறு யாருக்கும் 1956 சட்டத்தில் விலக்கு இல்லை. வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத தகப்பனுக்கும் இல்லை. ‘தந்தை இனி எந்த உரிமையும் கோரமாட்டார்’ என்ற விவாகரத்து மனு வரியை நீட்டினால் நடக்காது. காரா வழியிலும் பெற்றவர் சம்மதப் படிவம் தனிதான். முன்யோசனை உள்ள வக்கீல் விவாகரத்தின்போதே தகப்பனின் நிரந்தர முகவரி, அடையாள ஆவணங்கள், பின்னால் இப்படி ஒரு தேவை வந்தால் ஒத்துழைப்பார் என்ற உறுதி மூன்றையும் எழுதி வைப்பார்.

வக்கீல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தத்து முடிந்த நாளோடு பழைய தகப்பன் தர வேண்டிய பராமரிப்பும் அவர் வந்து பார்க்கும் உரிமையும் அற்றுப்போகும். செல்லுபடியான தத்தை ரத்து செய்யவும் முடியாது. பள்ளியில் இன்ஷியல் மாறினால் போதும் என்பதற்காக இவ்வளவு தூரம் வருகிறவர்கள் உண்டு. அரசிதழில் அறிவித்தால் இன்ஷியல் எழுத்து மட்டும் மாறும், சட்டப்படி தகப்பன் மாறமாட்டார் என்பதை முதல் நாளே விளக்காமல் வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது பெரிய தவறு.

ஃபீஸை மனு, கவுன்டர் (எதிர் மனு), சாட்சி, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாகப் பேசி ரசீது வாங்குங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்பது பார் கவுன்சில் விதிப்படி தவறு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் சட்ட உதவி ஆணையத்தில் இலவச வக்கீல் உண்டு, 15100 எண்ணில் கேட்கலாம். சேவை சரியில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது, 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில்தான் புகார் தர வேண்டும். வக்கீலை மாற்றும்போது பாக்கி ஃபீஸுக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே சொல்லிவிட்டது. கட்டு உங்களுடையது. எழுத்து மூலம் கேட்டு, பக்கம் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்.