சக்கரம் டிக்கியில் கிடந்தது, டிஸ்ப்ளே 33 காட்டியது: டயர் சென்சாரில் 10,500 ரூபாய் போன கதை

எனக்கு டயர் சென்சார் விற்ற கடையிலிருந்து இப்போதுதான் திரும்பி வந்தேன். பதினொரு நாளில் இது நான்காவது தடவை. "முதலாளி சாப்பிடப் போயிருக்காரு" என்று பையன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவனுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளியின் நீலச் சட்டை தெரிந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அப்படியே உள்ளே நகர்ந்துவிட்டார். 10,500 ரூபாய் போனதைவிட, அவர் அப்படி நகர்ந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அந்தச் சூடு அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

என்னுடையது 2018 மாடல் ஹேட்ச்பேக். கம்பெனியிலிருந்து வரும்போது டயர் பிரஷர் பார்க்கும் வசதி எதுவும் அதில் கிடையாது. நான்கு மாதம் முன்பு சீட் கவர் மாற்ற மதுரையில் ஒரு கார் அக்சசரீஸ் கடைக்குப் போனேன். நல்ல பெரிய கடை, எப்போதும் நாலு வண்டி நிற்கும். பெயர் போடப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

சீட் கவர் வேலை நடந்துகொண்டிருந்தபோது முதலாளியே வந்து பேச்சுக் கொடுத்தார். "அண்ணே, அடிக்கடி லாங் போவீங்களா?" ஆமாம், மனைவியின் ஊர் திருநெல்வேலி, மாதம் ஒரு தடவையாவது நான்குவழிச் சாலையில் போவோம் என்றேன். "அப்போ டயர் சென்சார் இல்லாம போகாதீங்க. இப்ப கவர்மெண்டே கம்பல்சரி ஆக்கிட்டாங்க" என்றார்.

இது பொய் என்று எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம் சொல்வது வேறு. டயர் பிரஷர் கண்காணிப்பு வசதியும், டியூப்லெஸ் டயரைப் பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் அது. எல்லா வண்டியிலும் சென்சார் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. கட்டாயம் ஆக்கியது அமெரிக்காவில். டயர் பிய்ந்து கார்கள் கவிழ்ந்து நிறைய பேர் இறந்த பிறகு 2000-த்தில் அங்கே சட்டம் போட்டார்கள். 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும். ஆக விஷயம் நல்ல விஷயம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த நல்ல பெயரைச் சொல்லி என் தலையில் கட்டியதுதான் வேறு.

அவர் எடுத்து வைத்தது வால்வு மூடி மாதிரி இருக்கும் வகை. நான்கு மூடி, டேஷ்போர்டில் ஒட்ட சோலார் வைத்த ஒரு சின்ன டிஸ்ப்ளே. டயரைக் கழற்ற வேண்டாம், பத்து நிமிட வேலை, ஒரு வருடம் வாரண்டி, 4,200 ரூபாய். நான் யோசித்தேன். அப்போது அவர் செய்த ஒரு காரியத்தில்தான் நான் விழுந்தேன். தானே குத்தவைத்து உட்கார்ந்து, முன் சக்கரத்தில் கொஞ்சம் காற்றை இறக்கி, மூடியைத் திருகினார். டிஸ்ப்ளே உடனே சிவப்பாக 24 காட்டிக் கத்தியது. பிறகு காற்று அடித்து மறுபடி திருகினார். 33. நாலு மூலையிலும் 33, 33, 33, 33. என் மகள் உள்ளே உட்கார்ந்து, "அப்பா, கரெக்டா காட்டுது" என்று கத்தினாள். "அண்ணே, இனிமே நீங்க டயரைக் குனிஞ்சு பார்க்கவே வேண்டாம். குடும்பத்தோட போறீங்க, நான் தப்பான பொருள் தருவேனா?" என்றார். கொடுத்துவிட்டேன். 4,200.

அதற்கு முன்னால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பங்க்கில் காற்று பார்க்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இது வந்த பிறகு விட்டுவிட்டேன். காரணம் இருக்கிறது. மூடி திருடு போகாமல் இருக்க அடியில் ஒரு நட்டு போட்டுப் பூட்டியிருந்தார். அதைக் கழற்ற ஒரு குட்டி ஸ்பேனர் வேண்டும். பங்க்கில் காற்றடிக்கும் பையன் அதைப் பார்த்ததும், "நீங்களே கழட்டிக் குடுங்க சார்" என்று ஒதுங்கிவிடுவான். டிஸ்ப்ளேதான் 33 காட்டுகிறதே, எதற்கு வம்பு என்று நானும் வந்துவிடுவேன்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு, ஞாயிறு காலை. மைத்துனிக்கு வளைகாப்பு. மனைவி, மகள், எழுபது வயது அம்மா, நான். திருமங்கலம் தாண்டியதும் டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். மூன்று சக்கரம் 36, 37, 36. வலது பின் சக்கரம் மட்டும் 33. ஓட ஓட டயர் சூடாகும், சூடானால் காற்றழுத்தம் மூன்று நாலு பிஎஸ்ஐ ஏறும், இது எனக்குத் தெரியும். தெற்கே போகும்போது காலை வெயில் இடப்பக்கம்தான் விழும், வலது பக்கம் நிழல், அதனால் அது ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சரி, முன் வலது சக்கரமும் நிழலில்தானே ஓடுகிறது, அது மட்டும் எப்படி ஏறியது என்று தோன்றவில்லை. விருதுநகரிலும் 33. எட்டூர்வட்டம் டோல்கேட்டிலும் 33.

சாத்தூர் கழிந்து சற்று தூரத்தில் பின்பக்கம் வண்டி லேசாக வால் ஆட்டியது. ரோடு சரியில்லை என்று நினைத்தேன். "ரப்பர் கருகுற வாடை வருது" என்று மனைவி சொன்ன பிறகுதான் ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் வலது பின் டயர் தரையோடு படுத்துக் கிடக்கிறது. பக்கச் சுவரில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. தொண்ணூறில் வந்துகொண்டிருந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அம்மா முட்டி வலியோடு சீமைக்கருவேல மர நிழலில் முக்கால் மணி நேரம் நின்றார்கள். லாரிகள் பக்கத்தில் விர்ரென்று போகும்போதெல்லாம் மகள் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு லாரி டிரைவர் நிறுத்தி உதவி செய்தார், அவர் நன்றாக இருக்கட்டும்.

ஸ்டெப்னி மாட்டி, கெட்ட சக்கரத்தை டிக்கியில் போட்டு, மறுபடி சீட்டில் வந்து உட்கார்ந்தால் டிஸ்ப்ளேயில் வலது பின் சக்கரம்: 33. சக்கரம் டிக்கியில் கிடக்கிறது. மாட்டியிருக்கும் ஸ்டெப்னியில் சென்சாரே இல்லை. அப்போதும் 33. அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

கோவில்பட்டியில் ஒரு பஞ்சர் கடை. அந்த அண்ணாச்சி சக்கரத்தைத் தூக்கிப் போட்டதுமே, "இதை யாரு மாட்டினது?" என்று கேட்டார். மூடி திருகு வரவில்லை. மூடியின் அலுமினியமும் வால்வின் பித்தளையும் ஒன்றோடு ஒன்று பிடித்து, மரையெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. மூடியை அறுத்து எடுத்து, கொஞ்சம் காற்று அடித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, வால்வைக் கட்டை விரலால் ஒரு பக்கம் சாய்த்தார். ரிம்மிலிருந்து வால்வு வெளியே வரும் அந்த அடிப்பகுதியில், ரப்பரில் அரை வட்டமாக ஒரு வெடிப்பு வாய் திறந்தது. நுரை குபுகுபுவென்று வந்தது. கையை எடுத்தார், வெடிப்பு மூடிக்கொண்டது, நுரை நின்றது. மறுபடி சாய்த்தார், மறுபடி நுரை.

அவர் சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும் சேர்த்து இதுதான் விஷயம். கார்களில் சாதாரணமாக இருப்பது ரப்பர் வால்வு. அது பிளாஸ்டிக் மூடியின் எடைக்குச் செய்தது. இந்தச் சென்சார் மூடி ஒவ்வொன்றும் பத்து கிராம் வரும். பத்து கிராம்தானே என்று தோன்றும். தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 13 சுற்று சுற்றுகிறது. அந்தச் சுற்றில் அந்தப் பத்து கிராம் ஒரு கிலோ எடைபோல வால்வை வெளிப்பக்கமாக இழுக்கும். ஓடும்போது இழுக்கும், நிற்கும்போது விடும். நாலு மாதம் இப்படி ஆட்டினால் ஏழு வருடப் பழைய ரப்பர் என்ன ஆகும்? கம்பெனியில் வரும் சென்சார்கள் டயருக்கு உள்ளே, பலவற்றில் உலோக வால்வோடு சேர்ந்து இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. இந்த மூடி உள்ளே இருக்கும் வால்வு பின்னை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கும். அப்போதுதான் காற்று சென்சார் வரைக்கும் வந்து அளக்க முடியும். அப்படியென்றால் இனி காற்றை அடைத்து நிற்பது வால்வு அல்ல, மூடிக்குள் இருக்கும் ஒரு மெல்லிய ரப்பர் வாஷர்தான். என்னுடைய மூடியை உடைத்துப் பார்த்தோம். உள்ளே தண்ணீர் இறங்கி, பட்டன் செல் பச்சையாகக் கசிந்து செத்துப் போயிருந்தது. அது செத்து எத்தனை நாளோ. செத்த சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்று சொல்ல வேண்டிய டிஸ்ப்ளே, கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்துக்கொண்டு 33, 33 என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

டயரைப் பிரித்ததும் உள்ளே கை நிறைய கறுப்பு ரப்பர் பொடி கொட்டியது. பக்கச் சுவர் அரைபட்டுவிட்டது, ஒட்டினாலும் ஓட்டக் கூடாது என்றார். புது டயர் 5,500. மீதி மூன்று வால்வையும் சாய்த்துப் பார்த்தார், இன்னொன்றிலும் வெடிப்பு ஆரம்பித்திருந்தது. நான்குக்கும் புது வால்வு, பேலன்சிங், எல்லாம் 800. சென்சாருக்குக் கொடுத்த 4,200-ஐயும் சேர்த்தால் 10,500 ரூபாய். வளைகாப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது.

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன். "அண்ணே, கொண்டாங்க, பாத்துக்கலாம், நம்ம கடை எங்க போகப் போகுது?" என்று தேனாகப் பேசினார். நேரில் போனேன். வீடியோவைக் காட்டினேன். "நீங்க ரீசெட் பண்ணியிருக்கணும்" என்றார். ரீசெட் என்று ஒன்று இருப்பதை விற்கும்போது சொன்னீர்களா என்றேன். பதில் இல்லை. "பேட்டரிக்கு வாரண்டி கிடையாது அண்ணே." சரி, வால்வு? "வால்வு உங்க வண்டியோட பழைய வால்வு, அதுக்கு நான் என்ன பண்றது?" இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பழைய வால்வில் தன் கையாலேயே திருகி மாட்டியவர் அவர். கட்டை விரலால் ஒரு தடவை சாய்த்துப் பார்த்திருந்தால் போதும். கோவில்பட்டி அண்ணாச்சிக்குத் தெரிந்தது, இத்தனை வருடம் கடை வைத்திருப்பவருக்குத் தெரியாதா?

இரண்டாவது தடவை போனபோது டீலர் நம்பர் ஒன்றைக் கொடுத்தார். டெல்லி நம்பர். இந்தியில் பேசி, சீரியல் நம்பர் போட்டோ கேட்டார்கள். அனுப்பினேன். வாரண்டி கார்டில் கடை சீல் இல்லை, செல்லாது என்றார்கள். சீல் போடாதது யார்? மூன்றாவது தடவை பில்லை எடுத்துக்கொண்டு போனேன், அப்போதுதான் அதையே சரியாகப் பார்த்தேன். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கிறது, ஜிஎஸ்டி எண் கிடையாது. "இது பில்லே இல்ல அண்ணே" என்று அவரே சொல்கிறார்! கடைசியில், "உங்களுக்காக 500 குறைச்சு புது செட் தர்றேன்" என்றார். மறுபடி அதே மூடியை, என் அம்மா உட்காரும் வண்டியில் மாட்ட வேண்டுமாம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் வருகிறது. இன்று அதுவும் இல்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். ரப்பர் வால்வில் உலோக மூடி சென்சாரை மாட்டாதீர்கள், மாட்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் உலோக வால்வு போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் இன்றைக்கே வால்வைச் சாய்த்துச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓட ஓட மற்ற மூன்றும் ஏறி ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் நம்பாதீர்கள், நிறுத்திக் கேஜ் வைத்துப் பாருங்கள். உள்ளே பொருத்தும் வகையும் நல்லதுதான், ஆனால் டயரைக் கழற்ற வேண்டும், பேலன்சிங் செய்ய வேண்டும், தெரிந்த டயர் கடையில் கொடுங்கள். எஸ்டிமேட் சீட்டு வாங்காதீர்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடையிலிருந்து வந்ததும் அதில் கூப்பிட்டுப் புகார் பதிந்துவிட்டேன். சரிப்படவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் சீட்டு, யுபிஐயில் 4,200 போன ரசீது, கோவில்பட்டி பில், வீடியோ, உடைத்த சென்சார், எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். மீதி மூன்று மூடியையும் கோவில்பட்டியில் வால்வு மாற்றும்போதே கழற்றிவிட்டோம். இரண்டு கையோடு வந்தது, ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது.