கணினியில் ப்ளூ-ரே: பல ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

டிவிடி வட்டைக் கணினியில் போட்டு விஎல்சி என்ற இலவசப் பிளேயர் மென்பொருளைத் திறந்தால் படம் ஓடிவிடும். கடையில் வாங்கிய ப்ளூ-ரே திரைப்பட வட்டு அப்படி ஓடாது. டிரைவ் வட்டைச் சுழற்றும், விண்டோஸ் உள்ளே இருக்கும் கோப்புறைகளைக் காட்டும், 30 ஜிபி அளவுள்ள கோப்புகூடக் கண்ணுக்குத் தெரியும். திறக்கப் பார்த்தால் பிழைச் செய்திதான் வரும். பல ஆண்டுகளாக என் வீட்டில் திரைப்படம் பார்ப்பதும் இசை கேட்பதும் பெரும்பாலும் கணினி வழியாகத்தான். படத்துக்கும் ஒலிக்கும் மதிப்புத் தருபவர்கள் இந்த வழிக்கு வரலாம் என்று தயங்காமல் சொல்வேன். பொத்தானை அழுத்தினால் படம் ஓட வேண்டும், வேறு எதுவும் தெரிந்துகொள்ள விருப்பமில்லை என்பவர்களுக்குத் தனி ப்ளூ-ரே பிளேயரே நல்லது.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது வட்டு எதற்கு என்று அடிக்கடி கேட்கிறார்கள். ப்ளூ-ரேயின் நீல ஊதா லேசரின் அலைநீளம் 405 நானோமீட்டர், டிவிடிக்கு 650. லேசர் ஒளி நுண்மையாகக் குவிவதால் ஓர் அடுக்கில் 25 ஜிபி, இரண்டு அடுக்கில் 50 ஜிபி கொள்கிறது. அதனால் காட்சிக்கு மட்டும் விநாடிக்கு 40 மெகாபிட் வரை செலவிட இடம் இருக்கிறது. இணையச் சேவைகளோ முழு எச்டி படத்துக்கு 5 மெகாபிட் இணைப்பே போதும் என்கின்றன. வெளிச்சமான காட்சியில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. இரவுக் காட்சி, மூடுபனி, புகை, மழை வரும்போது பாருங்கள். இணைய ஓடையில் இருட்டு பட்டை பட்டையாகப் பிரியும். வட்டில் அது இருட்டாகவே இருக்கும். படச்சுருளில் எடுத்த பழைய படங்களில் இது இன்னும் கூடுதல். சுருளின் மணித்துகள்கள், அதாவது படத்தில் இயல்பாகத் தெரியும் நுண்புள்ளிகள், வட்டில் உயிரோடு அசைகின்றன. இணையத்தில் அவை மெழுகு பூசியதுபோல் மழுங்கிவிடுகின்றன. ஒலியும் அப்படித்தான். வட்டில் டால்பி ட்ரூஎச்டி அல்லது டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்ற இழப்பற்ற வடிவில் இருக்கும் ஒலி, இணையச் சேவைகளில் சுருக்கப்பட்டே வருகிறது.

இவ்வளவு நல்ல பொருளைக் கணினியில் திறக்க முடியாமல் தடுப்பது ஏஏசிஎஸ் என்ற பூட்டு. திரைப்பட வட்டிலுள்ள தரவு மறையாக்கம் செய்யப்பட்டது. உரிமம் பெற்ற ஒவ்வொரு பிளேயர் மென்பொருளுக்கும் அதை அவிழ்க்கும் சாவி தரப்பட்டிருக்கிறது. அந்தச் சாவிக்கு ஆயுள் குறைவு. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால், அதன்பின் வெளியாகும் வட்டுகள் அதில் ஓடா. தனிப் பிளேயரிலும் இதே பூட்டுத்தான், ஆனால் அங்கே சாவியை இவ்வளவு அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை.

என் முதல் டிரைவுடன் ஒரு பிளேயர் மென்பொருளும் வந்தது. தொடக்கத்தில் குறையில்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் புதிதாக வாங்கிய வட்டைப் போட்டபோது, மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பிக்கப் போனால், இந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, புதிய பதிப்பை விலைக்கு வாங்குங்கள் என்றது. டிரைவ் நன்றாக இருந்தது, வட்டு புத்தம் புதியது, இரண்டுக்கும் பணம் கொடுத்தாகிவிட்டது. வீட்டை விற்றவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து வாசல் பூட்டை மாற்றிவிட்டு, புதுச் சாவிக்குக் காசு கேட்பது போன்றது இது. இந்த ஏற்பாடு எனக்கு அன்றும் நியாயமாகத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அதன்பிறகு மேக்எம்கேவி என்ற மென்பொருளுக்கு மாறினேன். இது வட்டைப் பூட்டவிழ்த்து, காட்சியையும் ஒலியையும் தரம் ஒரு துளியும் குறைக்காமல் எம்கேவி கோப்பாக எழுதித் தருகிறது. மறுசுருக்கம் எதுவும் நடப்பதில்லை. வட்டில் உள்ள அதே பிட்டுகள் வேறு உறையில் வந்து உட்காருகின்றன. ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும், 25 முதல் 40 ஜிபி இடம் பிடிக்கும். நான்கு டெராபைட் வன்தட்டில் நூறு படங்கள் அடங்கும். சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வி வரும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்வதை அது தடுப்பதில்லை. வேறு நாடுகளில் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அமெரிக்கா அதற்கு எடுத்துக்காட்டு. நான் பணம் கொடுத்து வாங்கிய வட்டுகளை மட்டுமே என் வீட்டுத் திரைக்காகக் கோப்பாக்குகிறேன். அந்தக் கோப்புகள் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

இதில் தெரிந்திருக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. சில வட்டுகளில் காட்சிகளை எந்த வரிசையில் ஓட்டுவது என்று சொல்லும் பட்டியல்களில், ஒரே நீளமுள்ள நூற்றுக்கணக்கான போலிகளை வேண்டுமென்றே நிரப்பியிருப்பார்கள். ஒன்றில்தான் காட்சிகள் சரியான வரிசையில் இருக்கும். மற்றவற்றில் பத்தாவது நிமிடம் அறுபதாவது நிமிடத்துக்குப் பின்னால் வரும். கோப்பின் அளவை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. கோப்பாக்கியதும் நடுவில் நாலைந்து இடங்களைத் தொட்டுப் பார்த்து, கதை தொடர்கிறதா என்று சோதித்துவிடுவது நல்லது. இன்னொரு இழப்பு, முகப்புப் பட்டிகள் (மெனுக்கள்). பல வட்டுகளில் ஜாவா நிரல்மொழியில் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பட்டிகள் எம்கேவியில் வருவதில்லை. எனக்கு அது இழப்பாகப் படவில்லை. எச்சரிக்கை அறிவிப்புகளும் முன்னோட்டங்களும் இல்லாமல் படம் நேராகத் தொடங்குகிறது.

இனி, பலரும் கவனிக்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்), துல்லியமாகச் சொன்னால் பெரும்பாலான வட்டுகளில் 23.976. கணினித் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 24ஐ 60க்குள் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு சட்டம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் தோன்றும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் இந்தத் தடுமாற்றம் கண்ணை உறுத்தும். நல்ல கணினியில்கூடப் படம் துடிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கினாலும் தீராது. தொலைக்காட்சியை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்து, திரையின் புதுப்பிப்பு வேகத்தை 23 அல்லது 24 ஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். கோடி (Kodi) என்ற பிளேயர் மென்பொருளில், படத்துக்கு ஏற்ப இந்த வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. எம்பிசி-எச்சி என்ற பிளேயரிலும் உண்டு. இந்த ஒரு மாற்றம் தந்த நிறைவை, நான் செலவழித்து வாங்கிய வேறு எந்தக் கருவியும் தரவில்லை.

ஒலிக்கு எச்டிஎம்ஐ கட்டாயம். ஆப்டிகல் கேபிளில் இழப்பற்ற பல அலைவரிசை (சேனல்) ஒலி போகாது. இரண்டு அலைவரிசை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி), அல்லது சுருக்கப்பட்ட பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் மட்டுமே போகும். வட்டின் உறையில் மாஸ்டர் ஆடியோ என்று அச்சிட்டிருந்தாலும் ஸ்பீக்கருக்கு வருவது அதன் சுருங்கிய உட்கருதான். ஒலியை அவிழ்த்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவர் வைத்திருப்பவர்கள் பிளேயர் அமைப்பில் ஒலியை அவிழ்க்காமல் அப்படியே அனுப்பும் தேர்வைப் போடலாம். ரிசீவர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒலியையும் காட்சியையும் அவிழ்க்கும் இலவச நிரல் தொகுப்பான எஃப்எஃப்எம்பெக்கின் 2016இல் வந்த 3.0 பதிப்பு முதல் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோவை முழுமையாக அவிழ்க்கும் வசதி இலவச மென்பொருள்களுக்குக் கிடைத்துவிட்டது. விண்டோஸ் பிளேயர்களுக்கு உதவும் லாவ் ஃபில்டர்ஸ், கோடி, விஎல்சி எல்லாம் நிற்பது அதன் மேல்தான். பூட்டுப் போட்டவர்களுக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பங்குகூடப் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பு இது. அவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

இசை வட்டுகளின் கதை வேறு. சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்த எஸ்ஏசிடி என்ற இசை வட்டின் உயர்தர அடுக்கைக் கணினி டிரைவ்கள் படிப்பதில்லை. கலப்பு வகை வட்டாக இருந்தால் அதில் உள்ள சாதாரண சிடி அடுக்கு மட்டும் ஓடும். உயர்தர இசைக்கான டிவிடி-ஆடியோ வட்டு அப்படியல்ல, சாதாரண டிவிடி டிரைவே படித்துவிடும். ஃபூபார்2000 பிளேயரில் அதற்கான இணைப்பைச் சேர்த்தால், இரண்டு அலைவரிசையில் 24 பிட் 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்கலாம். இசைக்கென்றே வரும் ப்ளூ-ரே வட்டுகளில் நார்வேயின் 2எல் நிறுவனத்தின் வெளியீடுகளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். தேவாலயத்தில் பதிவான ஒரு நால்வர் தந்திக்குழு இசையைக் கேட்டால், வில் கம்பியில் படும் கணத்துக்கும் அந்த ஒலி கூரையில் கரையும் கணத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி காதுக்குப் புலப்படுகிறது. ஒரு முன்னெச்சரிக்கை: விண்டோஸ் இயல்பாக எல்லா ஒலியையும் ஒரே வேகத்துக்கு, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு, மாற்றிவிடுகிறது. பிளேயரில், ஒலியை விண்டோஸ் மாற்றாமல் நேராக அனுப்பும் வாசாபி (WASAPI) தனியுரிமை முறையைத் தேர்ந்தால்தான் வட்டில் இருப்பது அப்படியே வெளியே போகும்.

2016இல் வந்த 4கே ப்ளூ-ரேயைக் கணினியில் உரிமம் பெற்ற மென்பொருள் கொண்டு பார்ப்பது இன்று ஏறக்குறைய மூடப்பட்ட பாதை. அதற்கு இன்டெல் செயலியில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், திரைக்குப் போகும் கேபிளில் நகலெடுப்பைத் தடுக்கும் எச்டிசிபி 2.2 வேண்டும், தனிக் கிராபிக்ஸ் கார்டு வழியாக இல்லாமல் செயலியின் உள்ளமைந்த கிராபிக்ஸ் வழியாகவே திரை இணைந்திருக்க வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வீட்டுக் கணினிச் செயலிகளில் எஸ்ஜிஎக்ஸை நீக்கிவிட்டது. ஆகவே பழைய கணினியில் ஓடும் வட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான புதிய கணினியில் ஓடாது. திறமை போதாமல் அல்ல, பூட்டுக்குத் தேவையான துண்டு இல்லாததால். டிரைவின் கட்டுப்பாடுகளைக் கடந்து வட்டை நேராகப் படிக்கவிடும் லிப்ரே டிரைவ் முறையை ஏற்கும் டிரைவும் மேக்எம்கேவியும் இருந்தால் இந்த வட்டுகளும் கோப்பாகும். 4கே வட்டுகளின் கூடுதல் ஒளி வீச்சைக் காட்டும் எச்டிஆர் திரை இல்லாதவர்கள் மேட்விஆர் அல்லது எம்பிவி என்ற மென்பொருளில் ஒளி அளவைத் தகவமைத்துக்கொண்டால் வெளிறாமல் பார்க்கலாம்.

மண்டலக் குறியீட்டையும் பார்த்து வாங்குங்கள். ப்ளூ-ரேயில் இந்தியாவும் இலங்கையும் சி, சிங்கப்பூரும் மலேசியாவும் ஏ, இங்கிலாந்து பி. உறவினர்கள் வாங்கி அனுப்பும் வட்டுகளில் இது சிக்கலாகும். டிவிடியில் மண்டலக் கட்டுப்பாடு டிரைவிலேயே பதிந்திருக்கும், ப்ளூ-ரேயில் அது பிளேயர் மென்பொருளின் வேலை. கோப்பாக்கிவிட்டால் அந்தத் தடை இல்லை. 4கே வட்டுகளுக்கு மண்டலமே கிடையாது.

டிரைவ் வாங்க நினைப்பவர்கள் காலம் தாழ்த்த வேண்டாம். எல்ஜி 2024இல் ப்ளூ-ரே பிளேயர்களை நிறுத்தியது. சோனி 2025 பிப்ரவரியில் பதிவு வட்டுகளின் தயாரிப்பை நிறுத்தியது. சென்னை ரிச்சி தெருவில் ப்ளூ-ரே டிரைவ் கேட்டால் பெரும்பாலான கடைகளில் டிவிடி டிரைவைத்தான் எடுத்து வைக்கிறார்கள். கணினியின் உள்ளே பொருத்தும் முழு அளவு டிரைவையே வாங்குங்கள். மெல்லிய யுஎஸ்பி டிரைவுகள் வட்டின் இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் மின்சாரம் போதாமல் என்னிடம் திணறியிருக்கின்றன. வட்டுகளைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள், வட்டமாக அல்ல. டிவிடியில் தரவு அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான். மேற்பூச்சு கடினமானதுதான், ஆனால் அதைத் தாண்டி ஆழமாகக் கீறிவிட்டால் அந்த வட்டைக் காப்பாற்ற வழியில்லை.